சாயங்கால விலை

என் வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து திரும்பிய அன்று அவர் பெட்டியில் சென்ட் பாட்டில் இல்லை, சோப்பு இல்லை, மிட்டாய் இல்லை. அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவுக்கு சவூதியிலிருந்தோ துபாயிலிருந்தோ யார் வந்து இறங்கினாலும் அந்த மூன்றும் கட்டாயம் இருக்கும். அதனால் பெட்டி திறக்கிற நேரத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் நலம் விசாரிக்கிற சாக்கில் வந்து நின்றார்கள். நாலு சட்டை, இரண்டு கைலி, ஒரு ஜோடி செருப்பு, துண்டில் சுற்றிய ஒரு பால்பவுடர் டின். அவ்வளவுதான் இருந்தது. வந்தவர்கள் கொஞ்ச நேரம் பேசிவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள்.

"இந்தப் பவுடர் அங்க ரொம்ப விசேஷமா மச்சான்?" என்று டின்னைக் கையில் எடுத்தேன்.

அவர் அதை என்னிடமிருந்து வாங்கி பீரோவின் மேல்தட்டில், என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தார். "அதைத் திறக்க வேணாம்" என்றார். அப்புறம் குளிக்கப் போய்விட்டார்.

அவர் போயிருந்தது அரபு நாட்டுக்கு அல்ல, ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்கு. அதன் பேரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரிந்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அதற்கு முன்னால் அருப்புக்கோட்டையில் ஒரு பஞ்சு மண்டியில் எடை பார்க்கிற வேலையில் இருந்தார். மண்டியில் வேலை குறைந்துகொண்டே வந்தபோது தெரிந்தவர் ஒருவர் மூலமாக இந்த வேலை வந்தது. ஒரு பெரிய மளிகைக் கடை. முதலாளியும் இந்தியர்தான். மாவு, எண்ணெய், சர்க்கரை, பால்பவுடர், சோப்பு என்று எல்லாச் சரக்கையும் இவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பளம் டாலர் கணக்கில் என்று பேச்சு.

முதல் வருஷம் அவர் போன் பேசும்போது குரலே வேறு மாதிரி இருந்தது. "இங்க எதுவுமே விளையலை. எல்லாம் லாரியில வெளிநாட்டுல இருந்துதான் வருது. ஆனா மலிவு. ரொம்ப மலிவு. இவுக நோட்டுக்கு அவ்வளவு மதிப்பு வச்சிருக்காக" என்பார். அந்த நாட்டில் பூமிக்கு அடியில் பெட்ரோல் இருந்தது. அதை விற்று டாலர் வந்தது. அரசாங்கம் தன் நோட்டுக்கு ஒரு விலை குறித்து, இத்தனை நோட்டுக்கு ஒரு டாலர் என்று பேங்க் பலகையில் எழுதி வைத்துவிட்டது. அந்த விலைக்கு வெளிநாட்டு மாவு உள்ளூர்ச் சோளத்தைவிட மலிவாகக் கிடைத்தது. சோளம் விதைத்தவர்கள் விதைப்பதை விட்டார்கள். ஊரில் இருந்த எண்ணெய் ஆலையும் மூடிப் போயிற்று.

இரண்டாவது வருஷம் பெட்ரோல் விலை விழுந்தது. டாலர் வருவது குறைந்தது. அரசாங்கம் சம்பளம் போடுவதற்குப் புது நோட்டாக அடித்துத் தள்ளியது. ஆனால் பலகையில் எழுதிய விலையை மட்டும் அழிக்கவில்லை. பேங்கில் போய்க் கேட்டால் பலகையைக் காட்டுவார்கள், டாலர் இல்லை என்பார்கள். பெரிய இடத்து ஆட்களுக்கு மட்டும் அந்த விலைக்குக் கிடைக்கும். மற்றவர்கள் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு மரத்தடியில் நோட்டுக் கட்டுகளோடு உட்கார்ந்திருக்கிற ஆட்களிடம்தான் போக வேண்டும். அங்கே ஒரு டாலருக்கு இரண்டு மடங்கு நோட்டு கேட்டார்கள், பிறகு மூன்று மடங்கு, நாலு மடங்கு. முதலாளி சரக்கு வாங்க டாலர் எடுத்ததும் அந்த மரத்தடியில்தான்.

"தினமும் காலையில முதலாளி மரத்தடிக்குப் போன் போடுவாரு. அவுக ஒரு விலை சொல்லுவாக. நான் அட்டையில எல்லாச் சாமானுக்கும் புது விலை எழுதணும்" என்று ஒரு நாள் சொன்னார். எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. இங்கேயும் விலை ஏறிக்கொண்டுதானே இருக்கிறது என்றேன். "இல்லம்மா, இது வேற" என்றார்.

அதற்குப் பிறகு போனில் பேச்சு குறைந்தது. டாலர் என்று பேசிய சம்பளத்தை முதலாளி அந்த ஊர் நோட்டாகவே கொடுத்தார், அதுவும் பலகை விலைக்கு. அதைக் கொண்டுபோய் மரத்தடியில் டாலராக மாற்றினால் கால்வாசிதான் தேறும். மூன்றாவது வருஷம் முடிவதற்குள் அவர் திரும்பிவிட்டார்.

வந்த முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தார். பள்ளிவாசலுக்குப் போவார், மகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவார், தெருவில் தறிச் சத்தத்துக்கு நடுவே சேர் போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பேப்பரில் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று ஒரு சின்னப் பத்தி வரும். உளுந்து, துவரை, வத்தல், எண்ணெய் எல்லாம் என்ன விலை என்று போட்டிருப்பான். வியாபாரிகள் பார்ப்பதற்காகப் போடுவது. அவர் முதலில் அதைத்தான் படித்தார். பிறகு அதை மட்டுமே படித்தார்.

ஒரு நாள் ஐந்து கிலோ சர்க்கரை வாங்கி வரச் சொன்னேன். ஒரு மூட்டை வந்து இறங்கியது.

"எதுக்கு மச்சான் இவ்வளவு?"

"நாளைக்கு என்ன விலை இருக்குமோ."

அடுத்த வாரம் நாலு மூட்டை அரிசி. அதற்கு அடுத்த வாரம் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக சோப்பு, சோப்புத்தூள், தீப்பெட்டி. பால்பவுடர் பாக்கெட்டாக ஒரு சாக்கு நிறைய. எங்கள் வீட்டில் மகள் படிப்பதற்கென்று ஒரு அறை இருந்தது. அது நிறைந்தது. அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்துவிட்டாள். அவர் கொண்டு வந்த கொஞ்சப் பணம் மூட்டையாக மாறி அந்த அறைக்குள் போய்க்கொண்டே இருந்தது. நான் சண்டை போட்டேன், அழுதேன். அவர் வாங்குவதை நிறுத்தவில்லை. அறை வாசலில் நின்று மூட்டைகளைப் பார்ப்பார். அப்போது மட்டும் முகத்தில் ஒரு அமைதி வரும். எனக்கு அந்த அமைதியைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

வேறு சில பழக்கங்களும் இருந்தன. காலையில் பஜாருக்குப் போய் ஒரு கடையில் பால்பவுடர் என்ன விலை என்று கேட்பார். சாயங்காலம் அதே கடைக்குப் போய் அதையே கேட்பார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "காலையில சொன்னதுதான் பாய், அதுக்குள்ள குஞ்சா பொரிச்சிருக்கும்?" என்பார். இவர் சிரிக்கமாட்டார். "அதே விலைதான?" என்று இன்னொரு தரம் கேட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வருவார். பகலில் கண் அசந்து தூங்கும்போது எனக்குப் புரியாத பாஷையில் ஏதோ சொல்லுவார், அந்த ஊர் எண்கள் என்று பிறகு அவரே சொன்னார். ஒவ்வொரு எண்ணும் முன்னதைவிட நீளமாக இருக்கிற மாதிரி எனக்குப் படும். பிறகு அவராகவே திடுக்கிட்டு விழித்துக்கொள்வார்.

இன்னொன்று, அரசு ஆஸ்பத்திரி வாசல் வழியாக அவர் வரமாட்டார். எங்கள் வீட்டுக்கு அதுதான் குறுக்கு வழி. இவர் மட்டும் ஒரு தெரு சுற்றிக்கொண்டு வருவார். ஒரு தடவை என் வற்புறுத்தலுக்காக அந்த வழியில் வந்தார். வேலை முடிந்து இரண்டு நர்ஸுகள் வெள்ளைச் சேலையில் பேசிக்கொண்டே எதிரே வந்தார்கள். இவர் என் கையை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர்கள் கடந்து போகும்வரை அப்படியே நின்றார்.

மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் மதுரைக்குக் கூட்டிப்போகலாம் என்று என் அண்ணன் சொன்னான். அவன் திருச்சுழிக்குப் பக்கத்தில் எங்கள் பிறந்த ஊரில் ஆடு வைத்திருக்கிறான். பஸ்ஸுக்கு நாள் குறித்தோம். அதற்குள் பஜாரில் எண்ணெய்க்கடையில் ஒரு விஷயம் நடந்துவிட்டது.

நோன்புக்கு இரண்டு நாள் முன்னால் சாமான் வாங்க நானும் அவரும் பஜாருக்குப் போயிருந்தோம். எண்ணெய்க்கடை வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். பாக்கெட்டில் அச்சடித்த விலைக்குக் கொஞ்சம் குறைத்துத்தான் அந்தக் கடைக்காரர் கொடுப்பார். அன்றைய விலையைச் சாக்பீஸால் எழுதி வைத்திருப்பார். எங்களுக்கு முன்னால் ஒரு அம்மா நின்றிருந்தார். நரிக்குடிப் பக்கத்து ஊர் என்று கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு, மருந்துப் பொட்டலம். வெயிலில் வேலை செய்து கறுத்த முகம். "ஒரு பாக்கெட்டு குடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, ஒதுங்கி நின்று சுருக்குப்பையைத் திறந்து காசை எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் கடைக்காரருக்கு விருதுநகரிலிருந்து போன் வந்தது. காதில் வைத்துக் கேட்டார். "சரி, சரி" என்று வைத்தார். வெளிநாட்டிலிருந்து வருகிற எண்ணெய் கொஞ்ச நாளாகவே ஏறிக்கொண்டிருந்தது. டாலர் ஏறிவிட்டது என்றும் வரி கூட்டிவிட்டார்கள் என்றும் பேசிக்கொண்டார்கள். அவர் ஈரத்துணியை எடுத்துப் பலகையைத் துடைத்து, பதினைந்து ரூபாய் கூட்டி எழுதினார்.

அந்த அம்மா திரும்பி வந்து காசை நீட்டினார். "இன்னும் பதினஞ்சு தாயி" என்றார் கடைக்காரர்.

"என்னண்ணே, இப்பத்தான கேட்டேன்?"

"இப்பத்தான் போன் வந்துச்சு. நான் என்ன செய்ய?"

அந்த அம்மா கையில் இருந்த காசைப் பார்த்தார். சுருக்குப்பைக்குள் விரலை விட்டுத் துழாவினார். பக்கத்தில் என் வீட்டுக்காரர் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் தடுப்பதற்குள் அவர் கல்லா மேடைக்கு எட்டிப் போய்க் கடைக்காரரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"அந்தம்மா கேட்டப்ப என்ன விலையோ அதுக்குக் குடுங்க."

"கையை விடுங்க பாய்."

"குடுங்க."

"பழைய விலைக்கு வித்தா நாளைக்கு இதே காசுக்கு எனக்கு லோடு வராது பாய். காலிக் கடையில நான் உக்காந்திருக்கவா? வியாபாரம் பண்ணுனவுக, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். எனக்கு அது தெரியும். நல்லாத் தெரியும். குடுங்க." இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கையை விடவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை. கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் மணிபர்ஸைத் திறந்து, "அந்தப் பதினஞ்சை நான் தாரேண்ணே, அவுகளுக்குக் குடுத்திருங்க" என்றேன். அதற்குள் அந்த அம்மா மிரண்டு போய்விட்டார். "வேணாந்தாயி, எனக்கு எதுக்கு வம்பு. பஸ்ஸு வந்துரும்" என்று சொல்லிக்கொண்டே காசைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மருந்துப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக நடந்து போனார்.

அப்போதுதான் இவர் கையை விட்டார். மேடையில் இருந்த எண்ணெய் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு அந்த அம்மா போன பக்கம் ஓடினார். நான் கடைக்காரரிடம் காசைக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நரிக்குடி பஸ் போய்விட்டிருந்தது. பஸ் நின்றிருந்த வெற்றிடத்துக்கு எதிரே அவர் எண்ணெய் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளரிப்பிஞ்சு விற்கிற பெண்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பது வயது மனிதர், பள்ளிக்கூடத்தில் அழைத்துப் போக ஆள் வராத பிள்ளை மாதிரி நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் கரண்ட் போனது. தெருவில் தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. எங்கள் தெருவில் வாழ்ந்தவர்களுக்குத்தான் அந்த அமைதி எப்படி இருக்கும் என்று தெரியும். அந்த அமைதியில் அவர் தானாகவே பேச ஆரம்பித்தார்.

அந்தக் கடைக்கு எதிரே ஒரு ஆஸ்பத்திரி இருந்திருக்கிறது. அங்கே வேலை பார்த்த ஒரு நர்ஸ் மாதா மாதம் பால்பவுடர் வாங்க வருவார். அந்த நர்ஸின் தங்கை பிரசவத்தில் இறந்துபோக, தங்கையின் இரட்டைக் குழந்தைகளை அந்த நர்ஸ்தான் வளர்த்துக்கொண்டிருந்தார். முதலில் மாதம் ஆறு டின் வாங்கினார். சம்பளம் அதே சம்பளம். விலை ஏற ஏற நாலு டின், பிறகு இரண்டு, பிறகு ஒன்று. "குழந்தைக வளருது, டின்னு குறையுது" என்று அந்தப் பெண்ணே சிரித்துக்கொண்டு சொல்வாராம்.

"ஒரு நாள் காலையில வந்தாக. 'இன்னைக்குச் சாயங்காலம் எங்களுக்குச் சம்பளம். அதுவரைக்கும் ஒரு டின்னை இந்த விலைக்கு எனக்காக எடுத்து வைங்க'ன்னாக. சரின்னு மேடைக்கு அடியில எடுத்து வச்சேன். மத்தியானம் முதலாளி வந்து மரத்தடியில ரேட்டு ஏறிருச்சு, எல்லாத்தையும் மாத்துன்னாரு. மாத்துனேன். அடியில இருந்த டின்னையும் பார்த்துட்டாரு. 'இது என்ன, பழைய விலை?'ன்னாரு. அதுலயும் புது விலைச் சீட்டை ஒட்டச் சொன்னாரு. ஒட்டுனேன்."

சாயங்காலம் அந்தப் பெண் யூனிபார்மோடு ஓடி வந்திருக்கிறார். காலை விலைக்குச் சரியாக எண்ணி வைத்த நோட்டுக் கட்டு கையில். இவர் டின்னை எடுத்து மேடைமேல் வைத்துப் புது விலையைச் சொன்னார். அந்தப் பெண் சத்தம் போடவில்லை. டின்னைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"'இது காலையில இருந்து இங்கேயேதான இருந்துச்சு? இதுக்கு உள்ள என்ன கூடிருக்கு?'ன்னு கேட்டாக. கோவமாக் கேட்கலை. நெசமாவே தெரியாம கேட்கிற மாதிரி கேட்டாக. நான் விலையைத் திரும்பச் சொன்னேன். அவுக டின்னை மேடையில மெதுவா வச்சிட்டுப் போயிட்டாக."

இரண்டு நாள் கழித்து என் வீட்டுக்காரர், தன் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லி முதலாளியிடம் அந்த டின்னை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அந்தச் சம்பளம் பஸ் செலவுக்கே போதவில்லை என்று பாதி நர்ஸுகள் வேலைக்கு வருவதை விட்டுவிட்டார்கள், அந்தப் பெண்ணும் போய்விட்டார், எந்த ஊர் என்று தெரியாது என்று சொன்னார்களாம். இவர் அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரமும் போனார். ஊர் திரும்பும்போது டின்னை அங்கே விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

"உங்களால என்ன செஞ்சிருக்க முடியும் மச்சான்? நீங்க சம்பளத்துக்கு இருந்தவுகதான?" என்றேன்.

"குடுத்திருக்கலாம்" என்றார். "மீதியைச் சம்பளத்துல பிடிச்சிருப்பாரு. பிடிச்சா பிடிச்சுட்டுப் போறாரு. அந்த நேரத்துல எனக்கு அது தோணவே இல்லைம்மா. விலையைச் சொல்றதுதான் என் வேலைன்னு நின்னேன்."

அவர் சொல்லி முடித்தபோது எனக்குள் வேறொன்று எழுந்து வந்து நின்றது. அவர் அங்கே இருந்த கடைசி வருஷத்தில் ஒரு நாள் மத்தியானம், என்றும் இல்லாத நேரத்தில் போன் செய்தார். நான் மகளின் பள்ளிக்கூடத்தில் பீஸ் கட்டுகிற வரிசையில் நின்றிருந்தேன். "முதலாளிகிட்ட ஒரு விஷயம் பேசலாம்னு பார்க்கிறேன், கோவிச்சுக்குவாரு போல" என்று ஆரம்பித்தார். நான் முழுசாகக் கேட்கவில்லை. "எதையாவது பேசி வேலையைக் கெடுத்துக்காதீக மச்சான். சும்மா இருங்க. இங்க நான் எப்படிச் சமாளிக்கிறேன்னு எனக்குத்தான் தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது அந்த நாள்தானா என்று எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். இத்தனை வருஷமாக நான் கேட்கவில்லை. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் மேல்தட்டில் அந்த டின் இருக்கும். நான் நிமிர்ந்து பார்க்காமல் துணியை எடுத்துக்கொண்டு மூடிவிடுவேன்.

மதுரை டாக்டர் மாத்திரை கொடுத்தார். தூக்கத்தில் எண்கள் சொல்வது மெல்ல நின்றது. மழைக்காலத்தில் அந்த அறையிலிருந்து ஒரு வாடை வந்தது. நான் அவரைக் கூப்பிட்டு அவர் முன்னால்தான் மூட்டைகளைப் பிரித்தேன். அரிசியில் வண்டு ஓடியது. சர்க்கரையில் தண்ணீர் இறங்கியிருந்தது. பால்பவுடர் கல்லாக இறுகிவிட்டது, கத்தியால் குத்தினாலும் உடையவில்லை. அவர் ஒரு பாக்கெட்டைக் கையில் வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "உங்க அண்ணனுக்குப் போன் போடு. ஆட்டுக்கு ஆகுமான்னு கேளு" என்றார்.

அண்ணன் ஒரு லோடு ஆட்டோ பிடித்து வந்தான். வண்டிச் சாமானோடு நாங்களும் திருச்சுழிப் பக்கம் போனோம். எங்கள் வீட்டுக் கரட்டு நிலம் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. முன்பு அங்கே கம்பும் குதிரைவாலியும் விதைத்தார்கள். அவர் வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"எப்ப இருந்துடா விதைக்கலை?" என்று அண்ணனிடம் கேட்டார்.

"அது ஆச்சு மச்சான் பல வருஷம். கடையில அரிசி கிடைக்குது, இதுல யாரு மாரடிக்கிறது? மழையும் இல்லை."

"அங்கயும் இப்படித்தான் சொன்னாக" என்றார் அவர். அண்ணனுக்குப் புரியவில்லை. ஆடுகள் மூட்டையை மோந்து பார்த்துத் தும்மின.

வீட்டில் பணம் இல்லை. காலியான அந்த அறையில் ஒரு கிரைண்டர் போட்டு, இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட ஆரம்பித்தேன். தறிக்குப் போகிற பெண்களுக்குக் காலையில் அரைக்க நேரம் இருக்காது. நல்லபடியாக ஓடியது. உளுந்து வாங்கி வருவது, ஊறப்போடுவது, கிரைண்டர் கழுவுவது எல்லாம் அவர் செய்தார். விற்பது மட்டும் நான். வாசலில் ஆள் வந்து நின்றால் அவர் உள்ளே போய்விடுவார். எவ்வளவு என்று யாராவது கேட்டால் என்னைக் கூப்பிடுவார். மூன்று வருஷம் அப்படியே போனது.

அந்த நாட்டிலிருந்து கடையில் இவரோடு வேலை பார்த்த ஒருவர் எப்போதாவது வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார். ஒரு தடவை அவர் சொன்னார், அரசாங்கம் கடைசியில் பேங்க் பலகையை மாற்றிவிட்டதாம். மரத்தடி விலைக்கே அதுவும் வந்துவிட்டதாம். அன்றைக்கு எல்லாச் சாமானும் இன்னொரு தரம் ஏறியதாம். முதலாளி கடையை மூடிவிட்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டார். பதிலுக்கு, ஆஸ்பத்திரி திறந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டு அனுப்பினார். அதற்குப் பதில் வரவில்லை.

போன வருஷம் உளுந்து தாறுமாறாக ஏறியது. நான் இரண்டு வாரம் பழைய விலைக்கே மாவு விற்றேன். பாக்கெட்டில் மாவைக் குறைக்கவும் மனம் வரவில்லை. மூன்றாவது வாரம் உளுந்து வாங்கப் போனவர் பாதி மூட்டையோடு திரும்பி வந்தார். "கொண்டுபோன காசு இதுக்குத்தான் பத்துச்சு" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "ஏத்தித்தான் ஆகணும்மா" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

மறுநாள் காலையில் முதலில் வந்தது பின்தெருவில் தறி ஓட்டுகிற ஒரு பெண். தினமும் வருகிறவள். முப்பது ரூபாயை மடித்து நீட்டினாள். நான் பாக்கெட்டை எடுத்தேன். புது விலையை இவளிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தேன், கையில் இருந்த காசைப் பார்த்தேன். "என்னக்கா?" என்றாள்.

உள்ளேயிருந்து அவர் வந்தார். கை முழுக்க மாவு. என்னைத் தாண்டி வாசலில் வந்து நின்றார்.

"நாளையில இருந்து முப்பத்தஞ்சு தாயி" என்றார். "உளுந்து ஏறிருச்சு. ரெண்டு வாரமா ஏத்தாம பார்த்தோம், கட்டுபடியாகலை. இன்னைக்கு நீ பழைய விலையைக் குடுத்துட்டுப் போ. நாளைக்குக் கூட அஞ்சு கொண்டா."

அவள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி பாய்" என்றாள். "சொல்லிட்டுத்தான ஏத்துறீக" என்று பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போனாள். அன்று வந்த பதினாலு பேருக்கும் அவரே அதைச் சொன்னார். ஒவ்வொருவருக்கும் முழுசாக, காரணத்தோடு, அவசரப்படாமல் சொன்னார். இரண்டு பேர், பழைய விலையும் வேண்டாம், இனி வீட்டிலேயே அரைத்துக்கொள்கிறோம் என்று வாங்காமல் போனார்கள். அவர்கள் தெரு முனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார். ஒவ்வொரு தடவை சொல்லி முடித்ததும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். மாவு அப்பிய விரல் தடம் அதில் பதிந்திருந்தது. நான் துடைக்கவில்லை.

மத்தியானம் சோறு வைத்தேன். கொஞ்சம் சாப்பிட்டார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு, உளுந்து விலை இறங்கியிருக்கிறதா என்று பார்த்து வர பஜாருக்குக் கிளம்பினார்.